ஈக்கோவின் ஜப்பான் சொந்தக்காரர்கள்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக் குறுக்குத் தெருக்களில் காரை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறப்பது தனி வித்தை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வரிசையாக பைக்குகள். உயரமாக, ஸ்லைடிங் கதவோடு வரும் ஜப்பான் குட்டிக் காரை வீடியோவில் பார்த்தவர்கள், "இது ஏன் இங்கே விற்கவில்லை?" என்று கேட்பது நியாயம்தான். டீயைக் கையில் எடுங்கள், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வகைக்கு 'கெய்' கார் என்று பெயர். ஜப்பானில் 1949-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். இன்றைய வரம்பு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. அதற்குள் அடங்கினால் ஆண்டு வரி 10,800 யென். பெரிய கார் என்றால் வரி 25,000 யென்னில் தொடங்கும்.

நீள அகலத்தைச் சட்டம் இறுக்கிப் பிடித்துவிட்டதால், மேலே மட்டும் இடம் மிச்சமிருந்தது. 1993-ல் சுசூகி வேகன் ஆர் அந்த இடத்தைப் பிடித்தது. சாய்வு நாற்காலி அடைக்கும் இடத்தில் இரண்டு சாதா நாற்காலி போடலாம் அல்லவா? ஆளை நிமிர்த்தி உட்கார வைத்தால் கால் நீட்ட இடம் குறைவாகவே போதும். 2007-ல் டைஹட்சு டான்டோ ஒரு பக்கம் ஸ்லைடிங் கதவு வைத்து, அந்தப் பக்கத்து நடுத்தூணையே கதவுகளுக்குள் ஒளித்தது. 2011-ல் வந்த ஹோண்டா என்-பாக்ஸ், பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிப் பின்பக்கத் தரையைத் தாழ்த்தியது. என்னைக் கேட்டால், கதவை விடப் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான்.

நமக்கும் 1999-ல் வேகன் ஆர் வந்தது, சாதாரணக் கதவோடு. இப்போது அதன் நீளம் 3.65 மீட்டர், அகலம் 1.62 மீட்டர். காரணம் நம் வரி. பெட்ரோல் கார் 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருந்தால் சிறிய கார். 2025 செப்டம்பர் முதல் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3.4 மீட்டருக்கும் அதே வரி, 3.9 மீட்டருக்கும் அதே வரி என்றால் எந்தக் கம்பெனி உடம்பைக் குறைக்கும்?

ஆனால் கெய் ரத்தம் இங்கே ஓடாமல் இல்லை. 1984-ல் வந்து பிறகு ஆம்னி என்று பெயர் மாறிய மாருதி வேன், சினிமாவில் ஆள் கடத்தியே பேர் வாங்கிய வண்டி, சுசூகியின் கெய் வேன் குடும்பம். 2019-ல் நிறுத்தினார்கள். 2010 முதல் விற்கும் மாருதி ஈக்கோவும் அதே வம்சம்தான். அதன் அகலம் 1.475 மீட்டர், இன்றும் கெய் வரம்புக்குள்! நீளமும் எஞ்சினும்தான் மீறுகின்றன.

அப்படியானால் ஈக்கோவே வாங்கிவிடலாமா? ஒரு சிக்கல் இருக்கிறது. என்-பாக்ஸில் எஞ்சின் மூக்குப் பக்கம் இருக்கிறது, முன்சக்கரம் இழுக்கிறது, அதனால் தரை தாழ்வு. ஈக்கோவில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது, அதனால் தரை உயரம். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டுமென்றால், தெருவில் ஸ்லைடிங் கதவு அழகாகத் திறக்கும், ஏறுவதுதான் பாடு.

ஆகவே ஈக்கோ பார்க்கப் போகும்போது வீட்டு மூட்டுவலிக்காரரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். அவர் இரண்டு முறை ஏறி இறங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.