உரம் போட்டும் மிளகு காய்க்கலையா? கோளாறு மண்ணில் இருக்கலாம்

"யூரியா போட்டாச்சு, கொடியும் கருகருன்னு தழைஞ்சு நிக்குது. ஆனா சரத்துல மணியைக் காணோமே!" கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி என மிளகு விளையும் எந்த மலையிலும் கேட்கக்கூடிய புலம்பல்தான் இது. பலர் உடனே செய்வது, இன்னும் ஒரு கை யூரியாவைக் கூட்டிப் போடுவது. அங்கேதான் சிக்கலே.

மண் ஏன் புளிக்கிறது?

மலைச்சரிவில் கொட்டும் மழை, மண்ணில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிடும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் மண்ணின் அமிலத்தன்மை கூடும். மிளகுக்கு ஏற்ற பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை. அது 5-க்குக் கீழே போனால் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். நாம் போடும் மணிச்சத்தையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். கொடிக்குப் போய்ச் சேராது.

இந்த நிலையில் யூரியாவை அள்ளிப் போட்டால், அது நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை மேலும் கூட்டும். காசு கொடுத்து மண்ணைப் புளிக்க வைக்கிற கதைதான்!

முதலில் சுண்ணாம்பு

கொடிக்கு 500 கிராம் சுண்ணாம்பை ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு, மே - ஜூனில் இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மக்னீசியமும் குறைவாக இருந்தால் டோலமைட் நல்லது. "ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்று சுண்ணாம்பையும் யூரியாவையும் கலந்து போடக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். சுண்ணாம்பு இட்டுச் சில வாரம் கழித்தே உரம்.

பொட்டாஷில் கஞ்சத்தனம் வேண்டாம்

காய்க்கும் கொடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரம். அத்துடன் 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 140 கிராம் சாம்பல் சத்து. கடையில் வாங்கும் கணக்கில் சுமார் 217 கிராம் யூரியா, 250 கிராம் சூப்பர் பாஸ்பேட், 233 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ். இதைப் பாதிப் பாதியாக மே - ஜூனிலும், செப்டம்பர் - அக்டோபரிலும் கொடுக்க வேண்டும்.

கவனித்தீர்களா, மூன்றில் அதிகம் கேட்பது சாம்பல் சத்துதான். மணி திரள்வதற்கு அது வேண்டும். ஆனால் மானியத்தில் மலிவாகக் கிடைப்பது யூரியா. பொட்டாஷ் மூட்டை அதைவிடப் பல மடங்கு விலை. அதனால் பல தோட்டங்களில் விடுபடுவதும் அதுவே.

வேரைக் கிளறாதீர்கள்

மிளகின் உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். எனவே கொடியைச் சுற்றி ஓர் அடி தள்ளி உரத்தைத் தூவி, லேசாக மண் அணைத்தால் போதும். மண்வெட்டியால் கொத்தினால் வேர் காயப்படும். மழை நீரும் தேங்கினால் வாடல் நோய்ப் பூசணம் நுழைய வழி கிடைத்துவிடும். அந்தக் கொடி போனால் புதுக்கொடி காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். நன்கு மக்கிய எருவில் டிரைக்கோடெர்மா கலந்து இடுவது ஓரளவு பாதுகாப்பு. அதையும் ரசாயன உரத்தோடு சேர்க்கக் கூடாது.

இத்தனைக்கும் முன்னால், மண் பரிசோதனை. கோடையில், உரம் போடுவதற்கு முன்பே, தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் சருகை விலக்கி மண் எடுத்துக் கலந்து, அரை கிலோவை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். அளவு.