பாரிசு – மாட்ரிட் மோட்டார் ஓட்டம்

மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலே அதனை நம்பத்தக்க ஊர்தியென ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலரே. ஏனையோர்க்கு அது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாகவே தோன்றிற்று. இவ்வெண்ணத்தை மாற்றுதற்கு வண்டி செய்வோர் கைக்கொண்ட வழி, நகருக்கு நகர் பொது வீதியிலே ஓட்டப் போட்டி நடத்துதலாகும். 1895ஆம் ஆண்டிலே பாரிசிலிருந்து போர்டோ நகருக்குச் சென்று மீண்ட ஓட்டத்தில், எமீல் லெவசோர் என்பவர் 1,178 கிலோமீற்றர் தூரத்தை 48 மணி 48 நிமிடத்திற் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். நல்ல குதிரையொன்று சிறிது தூரத்துக்கு இதனினும் விரைந்தோடும். ஆயினும் இரண்டு பகலும் இரண்டு இரவும் இளைக்காது ஓடவல்ல குதிரை யாண்டுமில்லை. புதிய ஊர்தியின் வெற்றி அதிலேயே அடங்கியிருந்தது.

எட்டாண்டுகளில் நிலைமை முற்றாக மாறிவிட்டது. 1903ஆம் ஆண்டு நடைபெற்ற பாரிசு – மாட்ரிட் ஓட்டத்துக்கென வகுக்கப்பட்ட விதிகளின்படி, பெரிய வண்டியொன்றின் நிறை 1,000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் எழுந்த இவ்விதி நேர்மாறான பயனையே தந்தது. வண்டி செய்வோர் எஞ்சினைச் சிறிதாக்கினாரல்லர். எஞ்சினைப் பெருக்கிவிட்டு, அதனைத் தாங்கும் சட்டத்திலும் பிற உறுப்புகளிலும் நிறையைக் குறைத்தனர். முன்சில்லுகளுக்குப் பிறேக்கு இல்லை. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பது பௌதிகம் கற்றார் அறிந்ததே. வேகம் நான்கு மடங்காயின், நிறுத்துதற்கு அடக்கவேண்டிய ஆற்றல் பதினாறு மடங்காகும். பிறேக்குகளோ அவ்வளவுக்கு வளரவில்லை.

ஆபத்தை எவரும் முன்னுணரவில்லை எனக் கூறுதலும் பொருந்தாது. 1901ஆம் ஆண்டு பாரிசு – பேர்லின் ஓட்டத்திலே சிறுவன் ஒருவன் உயிரிழந்தபோது, பிரெஞ்சு அரசு இத்தகைய ஓட்டங்களைத் தடுக்க முற்பட்டது. எனினும், அக்காலத்தில் மோட்டார் வண்டி செய்தலில் உலகிலே முதலிடம் பெற்றிருந்த நாடு பிரான்சு. அத்தொழிலின் நலன் கருதி அரசு மீண்டும் இணங்கிற்று.

மே மாதம் 24ஆந் திகதி, பொழுது புலருமுன், வெர்சாய் நகரிலிருந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. மாட்ரிட் வரையுள்ள தூரம் 1,300 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. முதனாட் பயணம் போர்டோ வரை 552 கிலோமீற்றர். வழிநெடுகிலும் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டு நின்றனர். அவர்கள் வீதியோரத்தில் மாத்திரமன்றி வீதியிலேயே நின்றனர் என்பதே கவனிக்கத்தக்கது. வண்டி அண்மியதும் விலகி வழிவிட்டு, அது கடந்ததும் மீண்டும் கூடினர். அவர்களுடைய கண் குதிரை வண்டியின் வேகத்தையே அளந்து பழகியது. மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 29 மீற்றர் கடக்கும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் அது சிறு புள்ளியாய்த் தோன்றும். பத்துச் செக்கனில் எதிரே வந்துவிடும்.

இவற்றோடு புழுதியும் சேர்ந்தது. தார் காணாத வீதி, மழையற்ற நாள். முன்செல்லும் வண்டி எழுப்பிய புழுதியிலே பின்வருவோர்க்கு வீதி தோன்றாது. இருமருங்குமுள்ள மரங்களின் உச்சியைப் பார்த்தே அவர்கள் வழியின் வளைவை ஊகித்தனர். ஒரு வண்டியை முந்தவேண்டின், அப்புழுதிக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு புகுதல்போலப் புகவேண்டியிருந்தது. மார்செல் றெனோ அவ்வாறே புகுந்தார். தம்பி லூயியுடன் றெனோ வண்டித் தொழிலை நிறுவியவர் அவர். முந்திய ஆண்டு பாரிசு – வியன்னா ஓட்டத்திலே முதலிடம் பெற்றவர். கூஏ-வெராக் என்னுமிடத்தில் வேறொரு வண்டியை முந்த முயன்றபோது, அவரது வண்டி வீதியோரப் பள்ளத்தில் விழுந்து புரண்டது. இரண்டு நாள் கழித்து அவர் உயிர் நீத்தார். அவருக்கு வயது 31. தம்பி லூயியோ அன்று மற்றெல்லாருக்கும் முன்னதாகப் போர்டோவை அடைந்திருந்தார். தமையனுக்கு நேர்ந்ததை அங்கேதான் அறிந்தார்.

வேறிடங்களிலும் தீங்குகள் நிகழ்ந்தன. புகையிரதக் கடவையொன்று மூடியிருத்தலைக் கண்டு விலக முயன்ற வண்டி வீடொன்றின் மீது மோதியது. ஓட்டுநருடன் சென்ற மெக்கானிக் மாண்டார். மற்றோரிடத்தில் வீதியைக் கடந்த குழந்தையொன்றைக் காக்கப் பாய்ந்த போர்வீரன் உயிரிழந்தான். கட்டிழந்த வண்டி கூட்டத்தினுட் புகுந்தது. அன்று ஓட்டியோருள் கமீல் து காஸ்ட் என்னும் பெண்மணியும் ஒருவர். காயமுற்றுக் கிடந்த சகபோட்டியாளர் ஒருவரைக் கண்ட அவர், தம் வண்டியை நிறுத்தி, உதவி வரும்வரை அவரருகே இருந்தார். அந்நாளின் வீரச் செயல்களுள் இதனை முதலாவதாக வைத்தல் தகும்.

வேகத்தில் முதன்மை பெற்றவர் மோர்ஸ் வண்டியை ஓட்டிய பெர்னான் கபிரியேல். அவர் பிந்திப் புறப்பட்டு, பல வண்டிகளை முந்தி, 5 மணி 14 நிமிடத்திற் போர்டோ சேர்ந்தார். அச்செய்திக்கு மகிழ்வார் எவருமிலர். அரசு ஓட்டத்தைப் போர்டோவிலேயே நிறுத்திற்று. எஞ்சின்களை இயக்கவும் அனுமதியில்லை. வண்டிகள் குதிரைகளாற் புகையிரத நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பாரிசுக்கு ஏற்றப்பட்டன.

ஓட்டுநரின் வெறியே இவற்றுக்கெல்லாம் காரணமெனப் பலர் கூறினர். அது முழு உண்மையன்று. அதே ஆண்டு யூலை 2ஆந் திகதி அயர்லாந்திலே கோர்டன் பெனற் கிண்ண ஓட்டம் நடைபெற்றது. அவ்வண்டிகளும் விரைந்தனவே, ஓட்டியோருட் சிலர் போர்டோ வரை ஓடியவரே. ஆயின், பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டமியற்ற, வீதிகள் பிற போக்குவரத்துக்கு மூடப்பட்டன. பொலிசார் காவல் நின்றனர். ஊர்களினுள்ளே மிதிவண்டியோட்டி ஒருவர் முன்செல்ல, போட்டி வண்டிகள் மெல்லப் பின்தொடர்ந்தன. உயிரிழப்பின்றி ஓட்டம் நிறைவுற்றது. 1907இல் இங்கிலாந்தின் புறூக்லண்ட்சில் ஓட்டத்துக்கெனவே தனித் தளம் அமைக்கப்பட்டது.

தனித்தளமும் முழுக் காவலாகவில்லை. 1955இல் லெ மான் ஓட்டத்திலே ஒரு வண்டியின் சிதறிய உறுப்புகள் கூட்டத்திற் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றன. பொது வீதி ஓட்டமும் உடனே ஒழிந்துவிடவில்லை. இத்தாலியிலே ஆயிரம் மைல் ஓடும் மில்லே மில்லியா 1927இல் தொடங்கி, ஊர்களினூடே நடந்துவந்தது. 1957 மே 12ஆந் திகதி அதன் இறுதிக் கட்டத்தில் அல்போன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிய வண்டியின் ரயர் வெடித்தது. அவரும் உடன்சென்றவரும், வீதியோரம் நின்ற ஒன்பதின்மரும் மாண்டனர்; அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். அதன்பின்னரே இத்தாலிய அரசு அவ்வோட்டத்தை நிறுத்திற்று. பாரிசு – மாட்ரிட் ஓட்டம் நிகழ்ந்து அப்பொழுது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.