பொறி பழக்குதல்

பொறி பழக்குதல் என்பது புதிதாகச் செய்யப்பட்ட அல்லது பிரித்துப் புதுப்பிக்கப்பட்ட உள் எரி பொறியின் உராயும் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தி அமையும் வரை, அப்பொறியைக் கட்டுப்பாட்டுடன் இயக்கும் முறையாகும். பட்டறைகளிலும் வாகன உரிமையாளர்களிடையேயும் இது "ரன்னிங் இன்" என்ற பெயரால் அறியப்படுகிறது. புதிய தானுந்துகளில் இக்காலம் பொதுவாக முதல் 1000 முதல் 1500 கி.மீ. வரை நீடிக்கும். புதுப்பிக்கப்பட்ட பொறிகளிலோ முதல் சில மணி நேர ஓட்டமே பெரும்பகுதியைத் தீர்மானித்து விடுகிறது.

மெதுவாக ஓட்டுவதே பழக்குதல் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே சரியானது. அளவுக்கு மீறிய வேகத்தைப் போலவே அளவுக்கு மீறிய மென்மையும் பொறியின் ஆயுளைக் குறைக்கும்.

தேவை

பொறியின் உருளைச் சுவர் பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அதில் நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றே இடப்பட்டுள்ளன. இவ்வாறு கோடிடும் வேலை "ஹோனிங்" எனப்படும். இக்கோடுகளின் பள்ளங்கள் மசகெண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. மேடுகள் பிஸ்டன் வளையங்களுடன் உராய்ந்து தேய்கின்றன. மேடுகள் தேய்ந்து மட்டமாகி, பள்ளங்கள் மட்டும் எஞ்சும் நிலையில் வளையமும் சுவரும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. இதுவே பழக்குதலின் முதன்மை நோக்கமாகும். தாங்கிகள், கேம் தண்டு, பற்சக்கரங்கள் ஆகியனவும் இக்காலத்திலேயே தம் இடத்தில் படிகின்றன.

பிஸ்டன் வளையம் தன் சொந்த இழுவிசையால் சுவரை அழுத்துவது குறைவே. எரிதலின்போது உண்டாகும் வளிமம் வளையத்தின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு அழுத்துகிறது. பொறிக்குச் சுமை கொடுக்கும்போது இவ்வழுத்தம் கூடுகிறது. சுமையின்றி நெடுநேரம் ஓடவிட்டால் அழுத்தம் போதாது. அப்போது மேடுகள் தேய்வதற்கு முன்னரே சுவரில் தங்கும் எண்ணெய் வெப்பத்தால் கருகி, கண்ணாடி போன்ற பூச்சாகப் படிந்து விடும். பூச்சு படிந்த சுவரில் வளையம் வழுக்குமேயன்றிப் பொருந்தாது. அதன் பின் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் பயன் இல்லை. பொறியை மீண்டும் பிரித்து, சுவரில் புதிதாகக் கோடிட்டு, வளையங்களை மாற்றுவதே வழி.

இதற்கு மாறாக, தொடக்கத்திலேயே முழுச் சுமையில் இயக்கினால் மேடுகளில் உராய்வு வெப்பம் மிகுந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டனும் சுவரும் கீறல் அடையும். வெப்பம் மேலும் கூடினால் பிஸ்டன் விரிந்து இறுகிப் பொறி நின்றுவிடக் கூடும். ஆகவே மிதமான சுமையை விட்டுவிட்டுக் கொடுப்பதே பழக்குதலின் அடிப்படை விதியாகும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலோகப் பரப்புகளைக் கடையும் நுட்பம் இன்றைய துல்லியத்தை எட்டவில்லை. இதனால் பழக்கும் காலம் நீண்டதாகவும் கண்டிப்பானதாகவும் இருந்தது. பிரித்தானியாவில் புதிய தானுந்துகளின் பின்புறக் கண்ணாடியில், வண்டி பழக்கத்தில் உள்ளது, முந்திச் செல்லவும் என்னும் பொருள்பட அறிவிப்பு ஒட்டுவது வழக்கமாக இருந்தது.

தமிழ்நாட்டில் பொறித் தொழில் இந்திய விடுதலைக்குப் பின் விரைந்து வளர்ந்தது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்சு நிறுவனம் எண்ணூரில் ஆசுட்டின் தானுந்துகளைப் பூட்டியது. அது 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. பிஸ்டன்களையும் வளையங்களையும் செய்யும் இந்தியா பிஸ்டன்சு நிறுவனம் 1949இல் சென்னையில் தோன்றியது. என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955இல் சென்னையில் நிறுவப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தது. இக்கால வண்டிகளின் உரிமையாளர்களுக்குப் பொறியைப் பிரித்து உருளையைப் பெரிதாக்கும் "ரீபோர்" வேலையும், அதன் பின் பழக்குதலும் நன்கு அறிமுகமானவை.

இன்றைய தொழிற்சாலைகளில் மேடுகளை முன்கூட்டியே மட்டப்படுத்தும் ஹோனிங் முறை கையாளப்படுகிறது. எனவே புதிய தானுந்துகளில் பழக்குதலின் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்து விடுகிறது. பட்டறையில் புதுப்பிக்கப்பட்ட பொறிக்கு இவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

புதுப்பிக்கப்பட்ட பொறியைப் பழக்கும் முறை

1. முன் உயவு: பொறியை முதன்முறை இயக்கும் முன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். எண்ணெய் அழுத்தம் காட்டியில் ஏறிய பின்னரே பிளக்குகளைப் பூட்ட வேண்டும். உலர்ந்த தாங்கிகள் முதல் சில நொடிகளிலேயே சேதமடையக் கூடியவை.

2. எண்ணெய்: கனிம மசகெண்ணெய் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. செயற்கை எண்ணெயைப் பழக்கும் காலம் முடிந்த பின் பயன்படுத்தலாம். தொழிற்சாலையில் நிரப்பி வரும் எண்ணெய்க்கு இது பொருந்தாது. அங்கு செய்நிறுவனத்தின் கையேடே முடிவானது.

3. முதல் இயக்கம்: அம்பாசடர் தானுந்தின் 1489 க.செ.மீ. பெட்ரோல் பொறி போன்ற பழைய அமைப்புகளில் கேம் தண்டையும் தட்டையான டேப்பட்டுகளையும் புதிதாக மாற்றியிருந்தால், பொறியை வெறுமனே முடுக்கமின்றி ஓடவிடக் கூடாது. நிமிடத்திற்குச் சுமார் 2000 சுழற்சிகளில், சற்று ஏற்றி இறக்கியபடி, ஏறக்குறைய 20 நிமிடம் இயக்க வேண்டும். கேம் தண்டுக்குத் தெறிக்கும் எண்ணெயே உயவாவதால் குறைந்த வேகத்தில் அது போதாது. இவை மாற்றப்படாத பொறியில் இப்படி நிலையாக நிறுத்தி ஓட்டுதல் தேவையில்லை.

4. சாலை ஓட்டம்: பொறி சூடேறிய பின் இடைப்பட்ட கியரில் மிதமாக முடுக்கி, பின் ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு, வண்டியைக் கியரிலேயே வேகம் குறைய விட வேண்டும். முடுக்கும்போது வளையங்கள் சுவரை அழுத்துகின்றன. விடும்போது பெட்ரோல் பொறியின் உருளையில் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை மேலிழுத்து உலோகத் துகள்களைக் கழுவுகிறது. இதனைப் பலமுறை செய்தல் வேண்டும்.

5. எண்ணெய் மாற்றம்: தேய்ந்த துகள்கள் முதல் எண்ணெயில் கலந்திருப்பதால், முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது நல்லது. பழைய அமைப்புப் பொறிகளில் டேப்பட்டு இடைவெளியையும் இத்தருணத்தில் சரிபார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஆரணிப் பகுதி

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்த ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு நெய்யப்படும் புடவைகள் காஞ்சிபுரம், சென்னை முதலிய சந்தைகளுக்குச் செல்கின்றன. சரக்கு வாகனமோ வாடகை வாகனமோ பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு இழப்பு. எனவே பொறி வேலை முடிந்த மறுநாளே வண்டியை முழுப் பயணத்துக்கு அனுப்பத் தூண்டுதல் மிகும். பழக்குதல் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள வேலூருக்குச் செல்லும் சாலை பழக்குதலுக்கு ஏற்ற வகையைச் சேர்ந்தது. வழியில் ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் வேகம் இயல்பாகவே ஏறி இறங்கும். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்வது முதல் நாள்களில் தவிர்க்கத்தக்கது. போளூரிலிருந்து சவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் ஆள்களை நிறைத்துச் செல்வதும் அவ்வாறே. நீண்ட ஏற்றத்தில் பொறிக்கு இடைவிடாத சுமை விழுவதோடு, குறைந்த வேகத்தில் குளிர்ப்பிக்கும் காற்றும் குறைகிறது. கோடை வெப்பம் இந்நிலையை மேலும் கடுமையாக்கும்.

முடிவை அறிதல்

பழகிய பொறியில் எண்ணெய் குறைவது சிறிதாகி ஒரே அளவில் நிலைக்கும். முடுக்கும்போது நீலப் புகை தொடர்ந்து வருதல், எண்ணெய் நிரப்பும் மூடியைத் திறந்தால் வளிமம் வேகமாக வெளியேறுதல், அளவுகோலில் எண்ணெய் விரைந்து இறங்குதல் ஆகியன வளையங்கள் பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறிகளாகும். ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளந்து பார்த்து இதனை உறுதி செய்யலாம். பழக்கும் காலத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணெய் அளவைக் குறித்து வைப்பது, பொறி எந்தப் பக்கம் செல்கிறது என்பதை முன்கூட்டியே அறிய உதவும்.