ஓவியத்தில் சேய்மை

ஓவியன் கையில் இருப்பது நீளமும் அகலமுமே உடைய தாள். அவன் காட்ட விழையும் நிலக்காட்சியோ நெடுந்தொலைவு உள்ளோடிக் கிடப்பது. தாளில் இல்லாத ஆழத்தைத் தோற்றுவித்தல் எங்ஙனம்? சேய்மைப் பொருளைச் சிறிதாக வரைதல் ஒரு வழி. மாணவர் இதனை எளிதிற் கற்கின்றனர். ஆயினும், சிறிதாக வரைந்த மலைக்கு முற்றத்துப் புல்லின் பச்சையையே தீட்டிவிடின், அது தொலைவில் நில்லாது முன்னே நிற்கும் தென்னையோடு ஒட்டிக்கொள்கின்றது.

இவ்வழுவின் காரணம் இடையிலுள்ள காற்றை மறந்தமையே. வளியின் நுண்கூறுகள் ஞாயிற்றொளியின் நீலத்தையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. பின்னாளில் றேலி பிரபு எனப்பெற்ற ஆங்கில அறிஞர் 1871இல் இதனை விளக்கினார். சேய்மை மலை நீலமாய்த் தோன்றுவதை அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதிவைத்தார். வானந் தெளிந்த தை மாத வைகறையிற் கொழும்பின் உயர்ந்த மாடங்களிலிருந்து கிழக்கே நோக்குவோர் சிவனொளிபாதமலையைக் காணலாம். 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையின் சாரல்கள் காடு போர்த்தவை. எனினும் இங்கிருந்து பச்சை தெரிவதில்லை, மெல்லிய நீலச் சாயலே தெரியும்.

ஆயின் நீலம் பூசுவதனால் மட்டும் மலை பின்வாங்காது. நிறம் வேறு, அதன் ஒளியளவு, அதாவது வெளிறலும் கருமையும், வேறு. கடுநீலம் பூசிய மலையும் முன்னுக்கு வந்துவிடும். தொலைவு கூடக்கூட நிழலின் கருமை வெளிறும். ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேற்றுமை குறுகும். சீன ஓவியர் கரிய மை ஒன்றையே நீர்கலந்து மலைக்குப்பின் மலையாக அடுக்கிக் காட்டியது இதனாலன்றோ? மாணவரும் முதலில் ஒரே மையில், வெளிறிய சேய்மையிலிருந்து கரிய அண்மைக்குத் தீட்டிப் பழகுதல் நன்று. கண்ணைச் சற்றே சுருக்கி நோக்கின் ஒளியளவு புலனாகும்.

இவ்விதி எங்கும் ஒருபடித்தாய்ச் செல்வதன்று. வெள்ளவத்தைக் கரையில் நின்று நோக்குக. தெளிந்த நாளில் அண்மை நீர் மணலும் நுரையும் கலந்து வெளிறியிருக்க, தொடுவானத்துக் கடல் கருநீலமாய்த் தோன்றும். அங்கே விதியைவிடக் கண்ணே சான்று.

ஆழங் காட்டாத ஓவியம் குறையுடையது என்பது கருத்தன்று. சிகிரியா ஓவியரும், 1943இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வின் ஜோர்ஜ் கீற்றும் கோட்டின் வலிமையையே பெரிதாகக் கொண்டனர். ஆழத்தை வேண்டாமென விடுதல் வேறு; காணாது விடுதல் வேறு. மலை பச்சை என்பது நாம் அறிந்தது. நீலம் என்பது நாம் காண்பது. அறிந்ததை ஒருபுறம் வைத்துக் கண்டதைத் தீட்டப் பழக்குவதே சித்திர பாடத்தின் பயனாகும்.