பழைய பைபர் படகு: நிறுவைக்கு விலையில்லை, வேலைக்குக் கூலி உண்டு

பழைய இரும்பு வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்குப் புளியங்குளம் சந்தி புதிதல்ல. முல்லைத்தீவுக் கரையிலிருந்து நெடுங்கேணி வழியாக வரும் வீதி ஏ9 பெருந்தெருவில் ஏறுவது அங்கேதான். இரும்பு, பித்தளை, அலுமினியம், பழைய பெற்றரி என்று எதற்கும் ஒரு விலை உண்டு. கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய பைபர் படகை மட்டும் எவரும் தராசில் ஏற்றுவதில்லை. அதிலும் ஒரு தொழில் இருக்கிறது என்பதையே இவ்வாரம் சொல்ல வருகிறேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கடுக்காக வைத்துச் செய்வதே பைபர் படகு. அது மரம்போல் உக்காது, இரும்புபோல் துருப்பிடிக்காது. மீனவர்கள் அதை விரும்பியதும் அதனால்தான்; இன்று அது தொல்லையாகக் கிடப்பதும் அதனால்தான். ஒருமுறை இறுகிய பிசின் மீண்டும் உருகாது. பிளாஸ்ரிக் வாளியைப்போல் உருக்கி வேறொன்று வார்க்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் கரையோரங்களுக்குப் படகுகளை அள்ளிக்கொடுத்தன. அவை 20 வயதைக் கடந்துவிட்டன. அவற்றுட் கழிந்துபோனவற்றைக் கரையில் எரித்தால் நச்சுப் புகை; கண்ணாடி நார் மணலில் மிஞ்சும். கடலில் தாழ்த்தினால் வலை கிழியும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? ஜப்பானில் 2005 முதல் உரிமையாளர் கட்டணம் செலுத்த, படகை உடைத்து நொறுக்கிச் சீமெந்து உலைக்கு அனுப்புகிறார்கள். பிரான்ஸில் 2019 முதல் உல்லாசப் படகுகளை இலவசமாக உடைக்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு புதுப் படகு விற்பவர்களிடம் அறவிடப்படுகிறது. உலையில் பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சீமெந்தின் மூலப்பொருளாகிறது.

நம் நாட்டில் தொழிற்சாலைக் கழிவுகளைச் சீமெந்து உலையில் எரிக்கும் முறை புத்தளத்தில் 2000களிலேயே தொடங்கிவிட்டது. புளியங்குளத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம் ஊடாகப் புத்தளம் செல்லப் பாதை இருக்கிறது. வடக்கே சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியைப் பிடித்தால் வாடகையும் குறையும்.

இனிக் கணக்குக்கு வருவோம். முழுப் படகை ஏற்றினால் லொறி நிரம்புவது காற்றால்தான். கரையிலேயே துண்டாக்கி அடுக்கினால் ஒரே பயணத்தில் பல படகுகள் போகும். ஆணி, கொளுவி, இயந்திரத்தின் மிச்ச உலோகம் ஆகியவை உங்களுக்கு வழக்கமான வரவு. ஆனால் அந்த வரவை மட்டும் நம்பி இறங்கினால் நட்டம்தான். அகற்றும் கூலியைப் படகுச் சொந்தக்காரரிடமோ, கடற்றொழிலாளர் சங்கத்திடமோ, பிரதேச சபையிடமோ முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இது சாமான் வாங்கும் வியாபாரமல்ல, சேவை விற்கும் வியாபாரம்.

கூலியாட்களை மறந்துவிடக் கூடாது. கிரைண்டரால் அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும். முகமூடி, கண்ணாடி, கையுறை, நீளக் கைச் சட்டை எல்லாம் முதலாளியின் செலவு. எண்ணெய்த் தாங்கியை அறுக்கு முன் கழற்றி, எஞ்சிய எரிபொருளை வேறாக வடித்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உரிமை. மீன்பிடிப் படகு என்றால் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும். சொந்தக்காரரின் கையெழுத்தும், பதிவை நீக்கிய கடிதமும் இல்லாமல் கிரைண்டரை எடுக்காதீர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவரின் படகாக இருக்கலாம். அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் இருப்பார்கள். கேட்பாரற்றுக் கிடப்பதால் ஒரு பொருள் நமதாகிவிடாது. 1990 ஒக்டோபரில் வடக்கில் வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்ட சமூகத்துக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஹலாலான கூலியும் அதில் கிடைக்குமென்றால் தயங்குவானேன்? கையிலுள்ள பணத்தைப் போடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். உலைக்காரர்கள் பைபர் துண்டுகளை ஏற்பார்களா, என்ன அளவில், என்ன கட்டணத்தில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு லொறிக்குச் சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.