ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சா?

என் பெரியம்மா மகள் சிலாங்கூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் டாக்டர். எங்கள் குடும்பத்தில் ஒழுங்கு என்றால் அக்காதான். படிக்கிற காலத்தில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவார். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால், எத்தனை மணியானாலும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பார். அப்படிப்பட்டவர் போன ஆண்டு ஒருநாள் என்னிடம், "தம்பி, வேலையில நான் ரொம்பப் பின்தங்கிட்டேன்டா" என்றபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சிக்கல் சிகிச்சையில் இல்லை, எழுத்து வேலையில். நோயாளி வீட்டுக்குப் போகும்போது, என்ன நோய், எந்த மருந்து மாறியது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் 'டிஸ்சார்ஜ் சம்மரி'. அதை அன்றன்றே முடிப்பது அக்காவின் பல வருடப் பழக்கம். டிங்கிக் காய்ச்சல் அதிகமாக இருந்த மாதங்களில் வார்டு நிரம்பி வழிந்தது. அதே நேரத்தில் பெரியம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை. ஒரு நாள் இரண்டு சம்மரிகளை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளி வைத்தார். மறுநாள் அது ஐந்தானது. இரண்டே மாதத்தில் 34.

"முதல் நாள் மனசு உறுத்துச்சு. பத்தாவது நாள் உறுத்தவே இல்ல. அதுதான் பயம்" என்றார்.

அந்த 34-இல் ஒன்று, எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தாவுடையது. சிறுநீரகம் பலவீனமானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் அவருக்கு அளவைக் குறைத்து அனுப்பினார்கள். வாயால் சொன்னார்கள், கடிதம் தயாராகவில்லை. கிளினிக் பதிவில் பழைய அளவுதான் இருந்தது. அதையே போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் வேர்த்து விறுவிறுத்து, பேச்சுக் குழறி, அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. நல்ல வேளையாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார்.

கண் விழித்த தாத்தா, "உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன் டாக்டர்" என்றாராம். கடிதம் தாமதமானது தன் தவறு என்று அவரிடமும் அவர் மகளிடமும் அக்கா சொல்லிவிட்டார். அன்றிரவு வீட்டில் சாப்பிடவில்லை.

நம்மில் பலர் செய்வதைத்தான் அவரும் அடுத்ததாகச் செய்தார். சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது என்று கிளம்பினார். 11 முடிந்தது. திங்கட்கிழமை இரவு வேலை. உடம்பு சோர்ந்து, அந்த வாரம் ஒன்றுகூட எழுத முடியவில்லை. எண்ணிக்கை மறுபடியும் 30-ஐத் தொட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் துறைத் தலைவரிடம் போனார். திட்டு விழும் என்று நினைத்தவருக்குக் கிடைத்தது ஒரு கேள்வி: "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" நோயாளி சேர்ந்த அன்றே பயிற்சி டாக்டர்கள் சம்மரியைத் தொடங்கி வைப்பது, அக்கா சரிபார்த்து முடிப்பது என்று ஏற்பாடானது.

மீதியை அக்கா தானே சீர்செய்தார். மூன்று மாற்றங்கள்தான்.

முதலாவது, அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதுபோலத் தன் பாக்கியையும் பிரித்தார். இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சம்பந்தப்பட்டவை சிவப்பு. அவற்றை அன்றே முடித்தார். மற்றவற்றில் நாளுக்கு இரண்டு மட்டும், அதுவும் அன்றைய சம்மரிகளை முடித்த பிறகுதான்.

இரண்டாவது, புதிதாக நேரம் தேடவில்லை. வார்டு சுற்றி முடித்ததும் தே ஓ குடிக்கப் போவது வழக்கம். 'எழுதிவிட்டுத்தான் தே ஓ' என்று வைத்துக்கொண்டார். எழுதும்போது மருந்து மாற்றம்தான் முதல் வரி. ஞாபகத்தை நம்பாமல் ஒரு சின்ன அட்டையில் இதை எழுதிப் பாக்கெட்டில் வைத்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் இருக்கின்றன. அனுபவசாலிகளுக்கே பட்டியல் தேவைப்படும்போது, களைத்துப்போன ஒருவருக்கு அட்டை வேண்டாமா?

மூன்றாவது, தவறும் நாளுக்கும் ஒரு விதி. இரவு வேலை நாளில் பழைய பாக்கி பூஜ்யம். மறுநாள் நான்கு எழுதி ஈடுகட்டக் கூடாது. வழக்கம்போல இரண்டு.

இந்த மூன்றாவது விதிக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபடலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆக, தவறிய ஒரு நாள் பழக்கத்தைக் கெடுப்பதில்லை. 'இனி எதற்கு?' என்று கைவிடுகிற மனம்தான் கெடுக்கிறது.

அக்காவின் பழைய பாக்கி ஐந்து வாரத்தில் முடிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது. சமாளிக்க முடியாத வேலை அழுத்தத்தால் வரும் மனச்சோர்வை, வேலை சார்ந்த ஒரு நிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. சக்தி வற்றிப்போவது, வேலைமீதே வெறுப்பு, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் அட்டையும் தே ஓவும் போதாது. விடுப்பும், பேசுவதற்கு ஆளும், தகுந்த ஆலோசனையும் வேண்டும். டாக்டர் என்றாலும் அப்படித்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அக்காவின் கணவர் அந்த ஐந்து வாரமும் "இன்னும் எத்தனை பாக்கி?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "இன்னைக்கு ரெண்டு ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். முதல் கேள்வி மலையைக் காட்டுகிறது. இரண்டாவது, ஏற வேண்டிய அடுத்த படியை.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். வார்டில் கூட்டமாம். அன்று மூன்று சம்மரிகள் விட்டுப்போயிருந்தன. முன்பு போலப் பதறுவார் என்று நினைத்தேன்.

"சிவப்பு எதுவும் இல்லடா. நாளைக்குத் தே ஓவுக்கு முன்னாடி பார்த்துக்குவேன். நீ போய்ப் படு, காலையில உனக்கு நிகழ்ச்சி இருக்குல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.