சம்பளம் நின்ற பிறகு நாம் யார்?

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, சூரிச்சில் உள்ள என் வீட்டுக்கு ஓர் அண்ணர் வந்தார். கையில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி. அதற்குள் 1986 ஆம் ஆண்டிலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த சம்பளச் சிட்டைகள். 65 வயதாக இன்னும் சில மாதங்களே இருந்தன. ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். இரண்டு மணித்தியாலம் இருந்து கணக்குப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"காசு விளங்குது தம்பி. ஆனா அதுக்குப் பிறகு நான் என்ன செய்யிறது? விடிய எழும்பி எங்க போறது?"

நான் கணக்காளன். ஓய்வூதியத்துக்குப் படிவம் உண்டு, வரிக்குப் படிவம் உண்டு. இந்தக் கேள்விக்கு என்னிடம் படிவம் இருக்கவில்லை. எனக்கும் 56 வயது. இன்னும் 9 வருடத்தில் இதே கேள்வி என் மேசைக்கும் வரும். அதனால் இதைக் கொஞ்சம் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கும், எங்களைப் பெற்றோராகக் கொண்ட பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே நேரத்தில் ஓய்வுபெறும் ஒரு தலைமுறை

1983 யூலை வன்செயல்களுக்குப் பிறகே நம்மவர்கள் பெருமளவில் சுவிசுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். 1985 இல் 24 வயதில் வந்தவருக்கு 2025 இல் 64 வயது. மற்றச் சமூகங்களில் பாட்டன், தகப்பன், பேரன் என்று எல்லா வயதினரும் கலந்திருப்பார்கள். முன்னே போனவரைப் பார்த்துப் பின்னே வருபவர் முதுமையைப் பழகிக்கொள்வார். எங்களுக்கு இங்கே அப்படி முன்னே போனவர் மிகக் குறைவு. ஒரே வயதில் வந்தவர்கள் ஒரே காலத்தில் ஓய்வுபெறுகிறோம். புலத்தில் முதுமை எப்படி இருக்கும் என்பதை முதன்முதலாக அனுபவிக்கப்போகிறவர்கள் நாங்கள்தான்.

பருவங்களுக்குப் பெயர் வைத்தவர்கள்

வாழ்க்கையைப் பருவங்களாகப் பிரிப்பது எமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் குழந்தைப் பருவத்துக்கு மட்டும் 10 பிரிவுகள் உண்டு. பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பிரித்தார்கள். ஆனால் பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் பெயரில்லை. இன்று எங்கள் வீடுகளில் 40 வயதுக்குப் பிறகும் இன்னொரு 40 வருடம் வாழும் பெண்கள் இருக்கிறார்கள்.

அடையாள நெருக்கடி என்ற சொல்லை உலகம் முழுவதும் பரப்பியவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். அவரும் புலம்பெயர்ந்தவரே. 1902 இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. 1933 இல் வியன்னாவை விட்டு வெளியேறி அமெரிக்கா போனார். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். 1950 இல் வெளிவந்த நூலில் மனித வாழ்வை 8 கட்டங்களாகப் பிரித்தார். இளமையில் "நான் யார்" என்ற கேள்வி. நடுவயதில், அடுத்த தலைமுறையை வளர்த்துவிடுகிறேனா, தேங்கி நிற்கிறேனா என்ற கேள்வி. முதுமையில், வாழ்ந்த வாழ்வை முழுதாக ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்ற கேள்வி. ஒரு கட்டத்தில் தீர்க்காமல் விட்டது அடுத்த கட்டத்திலும் கூடவே வரும் என்பது அவர் கருத்து. கணக்குப் படித்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். அதுதான் கீழ்க்கொண்டு வந்த மீதி.

சூரிச் ஏரிக்கரையில், கியூஸ்நாக்டில் வாழ்ந்த கார்ல் குஸ்தாவ் யுங்கும் 1930-31 காலத்தில் இதைப்பற்றி எழுதினார். வாழ்க்கையைச் சூரியனின் ஒரு நாட் பயணத்துக்கு ஒப்பிட்டார். காலைக்குரிய ஒழுங்கை வைத்துக்கொண்டு மாலையை நடத்த முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். உழைப்பதும் குடும்பத்தை நிலைநிறுத்துவதும் காலையின் வேலை. பிற்பகலுக்கு வேறு வேலை உண்டு.

எமக்கு வாய்த்த பருவங்கள்

இந்த அறிஞர்கள் சொன்ன ஒழுங்கில் எங்கள் பருவங்கள் வரவில்லை. "நான் யார்" என்று தேடவேண்டிய இருபதுகளில் எங்களுக்குப் பதிலை மற்றவர்களே தந்தார்கள். அது வதிவிட அட்டையில் ஓர் எழுத்தாக இருந்தது. தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருந்தால் 'என்'. தற்காலிக அனுமதி கிடைத்தால் 'எஃப்'. பிறகு 'பி'. கடைசியில் நிரந்தர வதிவிடமான 'சி'. எங்கள் ஆட்கள் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி "என்ன விசா?" என்பதுதான்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் படித்தவன். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தபோது, சான்றிதழ்கள் இருந்த பையை மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். 1998 இல் இங்கு வந்தேன். ஓர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை நீட்டினேன். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் தந்து, சமையலறையில் வேலை இருக்கிறது என்றார். பல வருடம் கோப்பை கழுவினேன். கூட வேலை செய்த எவருக்கும் நான் பட்டதாரி என்று சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கூச்சமாக இருக்கும் போலிருந்தது. இரவு வகுப்புக்குப் போய் இந்நாட்டுக் கணக்கியலைத் திரும்பப் படித்து, 37 வயதில்தான் மீண்டும் ஒரு பேரேட்டின் முன் உட்கார்ந்தேன்.

ஒரு விடயத்தை இங்கே சொல்லவேண்டும். 2018 இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, 'என்' அட்டையோடு காத்திருந்த ஆண்டுகள் வதிவிடக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் அதே அட்டையோடு வேலை செய்து கட்டிய சந்தா, ஏ.எச்.வி. எனப்படும் முதியோர் காப்புறுதியில் முழுதாகச் சேரும். ஓர் ஏட்டில் பதியப்படாத காலம் இன்னோர் ஏட்டில் பதியப்பட்டிருக்கிறது. எழுத்துக்காக ஏங்கிய காலத்தை வீண்காலம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எழுத்துப் பிரச்சினை தீர்ந்ததும் வேலை எங்கள் அடையாளமாயிற்று. வேலையோடு பிள்ளைகளும் வந்தார்கள். "நீங்கள் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்டால், எங்கள் எல்லோரிடமும் "பிள்ளையளுக்காக" என்ற ஒரே பதில்தான் இருந்தது. அது நல்ல பதில். ஆனால் அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. பத்து வயதில் எங்களுக்குக் கடிதம் வாசித்து மொழிபெயர்த்த பிள்ளை, இருபத்தைந்து வயதில் தன் வழியே போகிறது. அது பிள்ளையின் பிழையல்ல. நாங்கள் உழைத்ததே அதற்காகத்தான். பிள்ளையும் வேலையும் சில வருட இடைவெளியில் எங்களை விட்டுப் போகும்போது, இருபதுகளில் கேட்கத் தவறிய அந்தக் கேள்வி அறுபதுகளில் திரும்பி வருகிறது. அண்ணர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

கணக்கில் ஏறிய தாய்மை

எங்கள் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரே நாளில் மூன்று வீடு துப்புரவு செய்து, இடையில் சமைத்து, பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப்போனவர்களிடம் கேட்டால், "நான் பெரிசா வேலை செய்யேல்லை" என்பார்கள். ஒரே முதலாளியிடம் பெறும் வருட வருமானம் 22,680 பிராங்கை எட்டாவிட்டால் (2025 ஆம் ஆண்டு நிலவரம்), இரண்டாம் தூணான தொழில் ஓய்வூதியத்தில் சேர்ப்பது கட்டாயமில்லை. பல இடங்களில் துண்டு துண்டாக வேலை செய்தவர்கள் இதனால் அதற்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

ஆனால் முதலாம் தூணான ஏ.எச்.வி. 1997 முதல் பிள்ளை வளர்ப்பையும் வருமானமாகக் கணக்கில் எடுக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும், குறைந்தபட்ச வருட ஓய்வூதியத்தின் மூன்று மடங்கு வருமானமாகப் பதியப்படுகிறது. திருமணமானவர்களுக்கு அது இருவருக்கும் பாதி பாதி. என்னிடம் வந்த ஓர் அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, "அப்ப நான் சும்மா இருக்கேல்லை எண்டு இவையளே எழுதி வச்சிருக்கினம்" என்று சிரித்தார். நாங்கள் வீட்டில் சொல்ல மறந்ததை அரசாங்கத்தின் ஏடு சொல்லியிருக்கிறது.

ஊருக்குத் திரும்புவதா?

ஓய்வுபெற்ற பிறகு ஊரோடு போய் இருக்கலாம் என்பது பலரது மனதில் உள்ள பதில். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுவிசுக்கும் இலங்கைக்கும் சமூகக் காப்புறுதி ஒப்பந்தம் இல்லை. சுவிஸ் குடியுரிமை உள்ளவர் எங்கு வாழ்ந்தாலும் ஏ.எச்.வி. ஓய்வூதியம் போய்ச் சேரும். இலங்கைக் குடியுரிமையோடு இருப்பவருக்கு இங்கே வதியும்வரைதான் அது கிடைக்கும். நிரந்தரமாக வெளியேறினால் கட்டிய சந்தாவை மீளப் பெற விண்ணப்பிக்கலாம். பெற்றால் ஓய்வூதிய உரிமை முடிந்துவிடும். 'சி' அனுமதியோடு 6 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், முன்கூட்டியே அனுமதி பெறாதவரை அது இரத்தாகும். ஓய்வூதியம் போதாமல் மேலதிகக் கொடுப்பனவு பெறுபவர்கள், வருடத்தில் 90 நாட்களுக்கு மேல் வெளியே நின்றால் அந்தக் கொடுப்பனவு நிறுத்தப்படும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. நாங்கள் திரும்பிப் போக நினைக்கும் ஊர், நாங்கள் 25 வயதில் விட்டு வந்த ஊர். அங்கே எங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர்களில் பலர் இன்று இல்லை. போவதென்றால் முதலில் சில மாதம் நின்று பாருங்கள். அங்கே என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால், சூரிச்சில் இருந்த வெறுமைதான் யாழ்ப்பாணத்திலும் இருக்கும்.

ஐம்பதுகளிலேயே தொடங்குங்கள்

நான் கண்ட முடிவு இதுதான். ஒரு பருவத்தின் நோக்கம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. அது தோல்வியல்ல, ஆண்டுக் கணக்கை முடிப்பது போன்றது. மீதியை எடுத்துக்கொண்டு புதிய ஏடு தொடங்கவேண்டும். அந்த ஏட்டைத் தொடங்க 65 வயது வரை காத்திருக்கக் கூடாது.

முதல் வேலையாக, உங்கள் ஏ.எச்.வி. தனிநபர் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். முழு ஓய்வூதியத்துக்கு 44 ஆண்டுகள் வேண்டும். 30 வயதில் வந்து 65 வரை கட்டியவருக்கு 35 ஆண்டுகள், அதாவது முழுத் தொகையில் 80 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. விடுபட்ட சந்தாவைக் கட்ட 5 வருடத்துக்குள்தான் முடியும். ஆகவே பிந்தாதீர்கள்.

இரண்டாவது, வேலையும் பிள்ளையும் இல்லாவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பலர் ஒன்றும் இல்லை என்று தொடங்குவார்கள். முப்பது வருடச் சமையல், முதியோர் இல்லத்தில் கற்ற பராமரிப்பு, அலுவலகக் கடிதத்தை வாசித்துப் பழகிய கண், ஊரின் நினைவு, பிழையில்லாத தமிழ் எல்லாமே சொத்துத்தான். ஐந்தொகையில் எழுதப்படாத சொத்துகள்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு அரைநாளையாவது இப்போதே அதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று: அப்பாவிடம் "ஓய்வெடுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கு இதைக் காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள்.

அண்ணரின் கதையை முடிக்கவில்லை. அவர் கணக்கு அறிக்கையில் 1987, 1988 என்று இரண்டு வருடங்கள் விடுபட்டிருந்தன. அவர் முன்பு வேலை செய்த உணவகம் அவற்றைப் பதியவில்லை. ஆனால் சப்பாத்துப் பெட்டியில் அந்த இரண்டு வருடச் சிட்டைகளும் இருந்தன. சந்தா கழிக்கப்பட்டது அவற்றில் தெளிவாக இருந்தது. சம்பளத்தில் கழித்ததற்கு முழு ஆதாரம் இருந்தால், எத்தனை வருடம் சென்றாலும் கணக்கைத் திருத்தக் கேட்கலாம். கேட்டோம், திருத்தித் தந்தார்கள்.

அந்தச் செய்தி அவரது நண்பர்களிடம் போய்ச் சேர, அவர்களும் பழைய பைகளோடு வரத் தொடங்கினார்கள். எந்த ஆண்டு யார் எந்தச் சமையலறையில் நின்றார், கடை எப்போது கைமாறியது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணருக்கு அத்தனையும் மனப்பாடம். இப்போது சனிக்கிழமைகளில் அவர் என் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களின் சிட்டைகளை வருடவாரியாக அடுக்குகிறார். மற்ற ஆறு நாளும் விடிய எழும்பி எங்கே போவது என்று அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். சனிக்கிழமை மட்டும் எனக்கு முன்பே வந்து கதவடியில் நிற்கிறார்.